சூடு ஆறாத அச்சு

புதிதாக ஏதோ ஒன்றைச் செய்துவிட்டேன், இதை எப்படி விற்பது என்று யாராவது என்னிடம் கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "இதுவரைக்கும் யார் யாருக்குக் காட்டுனீங்க?" பொருளைப் பார்ப்பதற்கு முன்பே இப்படிக் கேட்பதால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டும். நான் பட்ட பாட்டை அவர்களும் பட வேண்டாமே என்றுதான் கேட்கிறேன்.

நான் மலேசியாவில், கிள்ளானில் காலையில் இடியாப்பம் விற்பவள். பாசார் என்று நாங்கள் சொல்லும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, இரண்டு ஆவிச் சட்டி. பதினைந்து வருடம் கையாலேயே பிழிந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிழிவதை நிறுத்தச் சொன்னார்கள் கிளினிக்கில். நிறுத்தினால் நான் யார் என்பது எனக்கே தெரியாது, அதனால் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஜாக்கி ஒன்றைக் கொண்டுவந்து என் அச்சின் தலையில் பொருத்தினார். மாவு கீழே இறங்குவதை விட்டுவிட்டு மேலே பிதுங்கி அவர் சட்டையில் விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஜாக்கிக்குப் பிறகு நீளமான கைப்பிடி. அதற்கும் பிறகு காலால் மிதிக்கும் கட்டை. ஒவ்வொன்றையும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். எல்லாரும் பிரமாதம் என்பார்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் பிரமாதத்தை நம்பி ஒரு ஆணிகூட வாங்கக்கூடாது. நம் வீட்டில் உட்கார்ந்து நம் டீயைக் குடித்துக்கொண்டு வேறு என்னதான் சொல்வார்கள்? நான் பிடிவாதம் பிடித்து, பக்கத்து ஊரான காப்பாரில் என்னைப் போலவே இடியாப்பம் விற்கும் ஓர் அக்காவிடம் மிதிகட்டை வைத்த அச்சைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மொத பத்து தட்டு நல்லா வருது. அப்புறம் மிதிச்சு மிதிச்சு காலு போயிடுது லா," என்றார்.

எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான உதவி அதுதான். இன்னும் பலம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அதைப் புரிந்துகொண்டார். எனக்கு வேறு மாதிரி புரிந்தது. முதல் பத்துத் தட்டு ஏன் சுலபமாக வருகிறது? மாவு சூடாக இருக்கிறது. ஆற ஆற இறுகிப்போகிறது. பதினைந்து வருடமாக என் கையை ஒடித்தது ஆறிப்போன மாவுதான்.

"குழாய்க்கு வெளிய இன்னொரு குழாய் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல வெந்நீ ஊத்துவோம்," என்றேன்.

"கனமாயிடும். வேல செய்யாது."

"நீங்க பிழியிறீங்களா, நான் பிழியிறேனா? போட்டுப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். எவர்சில்வர் குழாய் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. மேலே வெந்நீர் ஊற்ற ஒரு துளை. ஆவி முகத்தில் அடிக்காமல் இருக்க அந்தத் துளையைப் பின்பக்கமாகச் சாய்த்து வைக்கச் சொன்னதும் நான்தான். அன்று நாற்பது தட்டு பிழிந்தேன். கடைசித் தட்டும் முதல் தட்டைப் போலவே சரசரவென்று இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அன்றிலிருந்து அது அவருடைய மெஷின் ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கு மிதிகட்டைதான் கண்ணில் படும். "அண்ணே, உங்களுக்கு மூளை மூளைதான்," என்பார்கள். அவரும் தன்னடக்கத்தோடு தலையாட்டுவார். பொய் எதுவும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டாவது குழாய் என் யோசனை என்று ஒரே ஒரு ஆளாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அற்பமாகத் தெரியும் என்று சொல்லாமல் இருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அச்சைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கூடத்தில் நடுவில் நிறுத்தினோம். வந்தவர்களுக்கு அவர் மிதித்துக் காட்டினார். நான் சுண்டல் தட்டோடு நின்றேன். எல்லாரும் போன பிறகு கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, அச்சின் மேல் வளையத்தைக் கழற்றி, இரண்டு குழாயையும் பிரித்துக் காட்டி, எது எதற்காக என்று நானே விளக்கிப் பேசினேன். அந்த வீடியோவை அப்படியே என் தாய்வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பூஜை போட்ட பொருளைப் படம் பிடித்துப் போடாத குடும்பம் நம்மில் உண்டா? புது காராக இருந்தாலும் லோரியாக இருந்தாலும் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடும். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் காப்பார் அக்கா கூப்பிட்டார். கிள்ளானில் ஒரு பாத்திரக் கடையில் நம் அச்சு போலவே ஒன்று இருக்கிறதாம். ஓடினோம். மிதிகட்டை, இரட்டைக் குழாய், பின்பக்கம் சாய்ந்த துளை, எல்லாம் இருந்தது. அந்தச் சாய்வை விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று இதைச் செய்தவனுக்கு எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்தார். காரில் வைத்து வீடியோவைக் காட்டினேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அதை முதலிலிருந்து இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

அவரோடு வேலை செய்பவர் ஒருவர் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கொமுட்டர் ரயில் ஏறிப் போனோம். பூக்கடைக்கு மேலே, மாடியில் சின்ன அலுவலகம். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உட்கார்ந்ததும் அவள் கேட்டதுதான் நான் இன்று எல்லாரிடமும் கேட்பது. யாருக்கு, எப்போது, முதலில் காட்டினீர்கள்? காப்பார் அக்கா, ஆயுத பூஜை, வீடியோ, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பயப்படாதீங்க அக்கா. நீங்களே காட்டுனதுதானே? இங்க மலேசியாவுல ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பம் போட்டுட்டா, அது உங்களுக்கு எதிரா வராது. மத்த நாட்டுல பல எடத்துல இது நடக்காது. சோ, இனிமே யாருக்கும் ஒண்ணும் அனுப்பாதீங்க," என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கணினியில் தேடினாள். தேடிக்கொண்டே போனாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். காலால் மிதிக்கும் அச்சுகள் எத்தனை விதம்! சில நாங்கள் பிறப்பதற்கு முன்பே பதிந்தவை.

"மிதிக்கிறது புதுசு இல்ல அண்ணே," என்றாள்.

என் வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. இந்த நேரத்துக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று யாராவது நினைத்தால் தவறு. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கட்டையில் போட்டார் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தேடலை முதல் நாளே செய்திருந்தால் அவ்வளவு ஏமாற்றம் இருந்திருக்காது. அதையும் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன்.

"ஆனா இந்த வெந்நீர் குழாய் எங்கயும் காணோம். இத வச்சுத்தான் விண்ணப்பமே நிக்கும்," என்று அவள் பேனாவை எடுத்தாள். "இத யோசிச்சது யாரு? பேரு சரியா இருக்கணும். தப்பா போட்டா பின்னால பிரச்சனை."

வீடியோவில் அத்தனை பேருக்கு விளக்கிப் பேசிய நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செஞ்சது நான்," என்றார் அவர். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "யோசிச்சது இவங்க. நான் வேல செய்யாதுன்னு சொன்னேன்."

அவள் கணினியில் படிவத்தைத் திறந்தாள். "அக்கா, ஐசி குடுங்க."

பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பாசாரில் எல்லாருக்கும் நான் இடியாப்ப அக்கா. என் முழுப்பெயரைக் கடைசியாக யார் கூப்பிட்டார்கள் என்றுகூட நினைவில்லை. அதை அவள் கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ என் பேரையும் போடலாமா?" என்றார்.

அவர் கேட்டது அந்தப் பெண்ணிடம் இல்லை. என்னிடம்.