நெருங்கிய உறவினர் மட்டும்

வரவேற்புக்கு மட்டும் அழைக்கப்படுகிறவர்களின் அட்டையில் முகூர்த்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. இடமும் நேரமும் போதும். தாய்மாமனுக்கோ அட்டை கணக்கிலேயே வராது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். பதுளைக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கைகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அதனால் என் தம்பி தன் மகளின் கல்யாண அட்டைகளை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தான்.

அவனுக்குப் பதுளையில் துணிக்கடை. மனைவி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் இன்னும் அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில்தான் இருக்கிறார். சம்பந்தி வீட்டார் கொழும்பு வியாபாரிகள். காலையில் கோயில் மண்டபத்துக்கு ஓர் அட்டை, இரவு ஹோட்டல் வரவேற்புக்கு மட்டும் இன்னோர் அட்டை என்பது தம்பியின் ஏற்பாடு. தோட்டத்து உறவுகள் அத்தனை பேரும் இரண்டாவதில். மைத்துனரும்தான்.

"அப்ப பொண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது யாரு?" என்றேன்.

"சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்கண்ணே? ராத்திரி வந்து நல்லா சாப்பிட்டுட்டுப் போகட்டுமே."

வரவேற்பு ஏழு மணிக்கு. பூனாகலைக்குக் கடைசி பஸ் அதற்கு வெகு முன்பே போய்விடும். மாமியார் வீட்டுக்குப் போய் வந்தவனுக்கு அது தெரியாததல்ல.

இரவு வரவேற்புக்கு அன்புடன் அழைக்கிறோம் என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். மொட்டையாக இருக்கிறதாம். காலையில் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்களாம். அச்சகத்தில் உட்கார்ந்து அவனே ஒரு வரி சேர்த்துவிட்டான்: 'திருமணம் நெருங்கிய உறவினர் மட்டும் கலந்துகொள்ள எளிமையாக நடைபெறும்.' அடியில், வருகையைத் தொலைபேசியில் உறுதிப்படுத்தவும் என்று ஒரு கட்டளை. பெண்ணின் தாய்மாமனுக்கு இது தபாலில் போனது.

ஆவணியில் கல்யாணம். எளிமையான மண்டபத்தில் உட்கார இடமில்லை. வங்கி முகாமையாளர், லொறி முதலாளிகள், தீபாவளிக்குத் தீபாவளி சேலை எடுப்பவர்கள் எல்லோரும் நெருங்கிய உறவினராகி முன்வரிசையில் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒன்றுவிட்ட மாமன் பெண்ணுக்கு மாலை போட்டார். போட்ட கையோடு போனைப் பார்த்தார். தம்பி மனைவி தாலி கட்டும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவும் அவளுடைய அண்ணன் வரவில்லை.

"ஒரு போன் பண்ணியாவது சொல்லியிருக்கலாம். மரியாதை தெரியாத ஆளுங்க" என்று தம்பி மாதக்கணக்கில் முனகினான்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு காலை நான் தம்பி வீட்டில் இருக்கையில், மைத்துனரும் அவர் மனைவியும் தாம்பாளத்தோடு வந்து நின்றார்கள். அவருடைய மகளுக்குக் கல்யாணம். தட்டை முதலில் தங்கையிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, கீழே வைக்காமலே நின்றாள்.

அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "காலையில முகூர்த்தம், மச்சான். முந்தின நாளே குடும்பத்தோட வந்துருங்க. ராத்திரி எப்புடித் திரும்புறதுன்னு யோசிக்காதீங்க. ஒங்களுக்குன்னு லயத்துல ஒரு காம்பரா ஒழிச்சு வச்சிருக்கு."