கட்டிங் மாஸ்டரின் வெங்காயம்

முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவர். பத்துச் சட்டைத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டினாலும் பத்தும் நூல் பிசகாமல் வரும். தையல் கடையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அந்த மாஸ்டர் இன்று காலை ஏழரை மணிக்கு ஒரு வெங்காயத்தின் முன்னால் வியர்த்துப்போய் நின்றார்.

பயம் வெங்காயத்தைப் பற்றி அல்ல, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பற்றி. குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. "இப்பதான் எலும்பு சேர ஆரம்பிச்சிருக்கு. விலகிச்சுன்னா ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மறுபடி எக்ஸ்ரே. நேற்று அவர் வீடு திரும்பியபோது சமையல் மேடையில் கேரட் நறுக்கிக் கிடந்தது. "இடது கையாலதான்" என்றாள். மாவுக்கட்டின் ஓரத்தில் கேரட் துணுக்கு ஒட்டியிருந்தது. தான் கொஞ்சம் தாமதித்தாலும் இவள் கத்தியை எடுத்துவிடுவாள் என்பதுதான் அவர் கவலை.

"என்ன, சாக்பீஸ் வேணுமா? கோடு போட்டுக்கிறீங்களா?" என்றாள்.

"சும்மா இரு."

வெங்காயத்தை உருண்டையாகவே பலகையில் வைத்தார். துணியைப் பிடிக்கிற பழக்கத்தில் இடது கை விரல்களை நீட்டி விரித்து அதன்மேல் படர்ந்தது. துணியை அப்படித்தான் பிடிக்க வேண்டும். கத்தியை அழுத்தினார். அது தோலில் வழுக்கி, வெங்காயத்தை உருட்டிவிட்டு, நடுவிரல் நகத்தை உரசிக்கொண்டு பலகையில் இறங்கியது.

அவள் பாய்ந்து வந்தாள். கத்தியைப் பிடுங்க நீண்ட மாவுக்கட்டுக் கை மேடை விளிம்பில் டொக்கென்று மோதியது.

அவர் குனிந்து மாவுக்கட்டைப் பார்த்தார்.

"விரலை ஆட்டு" என்றார்.

ஆட்டினாள். ஐந்தும் அசைந்தன.

"வலிக்குதா?"

"எப்பவும் வலிக்கிற மாதிரிதான்."

"எப்பவும்னா?"

"விழறதுக்கு முன்னாடியேதான். பூசணி நறுக்குற அன்னைக்கெல்லாம் மணிக்கட்டு கழண்டு வந்துடும்."

அவர் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் விளிம்பைத் தடவினார். கரண்டிக் காம்பைத் தடவியது போலிருந்தது.

"இதுலயா தினமும் நறுக்குற?"

"தீட்டிக் கொடுங்கன்னு நாலு வருஷமா சொல்றேன். உங்க கத்திரிக்கோலை மட்டும் மாசம் தவறாம தீட்டிக்கிறீங்க."

மழுங்கின கத்திரிக்கோலைக் கொடுத்து வேலை வாங்குவது அநியாயம் என்று முதலாளியிடமே மல்லுக்கு நின்றவர் அவர். அவர் வெட்டினால் தொழில், இவள் வெட்டினால் பிறவிக் குணமாம். அப்படி முதலில் சொன்னவன் எவனாக இருந்தாலும், மழுங்கின கத்தியால் ஒரு பூசணிக்காயைக்கூட நறுக்கியிருக்க மாட்டான்.

அவளை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கடைப் பையிலிருந்து சாணைக்கல்லை எடுத்தார். தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் நிதானமாகத் தீட்டினார். மணி எட்டு. அவள் எழுந்துவிடவில்லையே என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப பாதியா பிளந்துக்கோங்க. வெட்டின பக்கம் கீழ இருக்கட்டும், உருளாது" என்றாள். "விரலை மடக்குங்க. நகம் உள்ள போகணும். கத்தி விரல் முட்டியை ஒட்டியே இறங்கணும்."

கத்தி இப்போது அழுத்தாமலே இறங்கியது. ஆனால் மூன்று வெட்டுக்கு ஒரு தடவை விரல்கள் தாமாக நீண்டன.

"நீட்டுறீங்க."

மடக்கினார்.

"மறுபடியும் நீட்டுறீங்க. பீஸெல்லாம் காலர் மாதிரி இருக்கு. இப்படிக் கொடுங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுறேன்."

"உக்காரு."

"கடைக்கு நேரமாகுதே?"

"ஆகட்டும். பத்து மணிக்குப் போனா கடை ஓடிடாது."

அவள் மாவுக்கட்டை மடியில் வைத்து, மேலே இடது கையைப் பொத்திக்கொண்டாள். பலகையில் இன்னும் பாதி வெங்காயம் இருந்தது. வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

"விரலை இன்னொரு தடவை ஆட்டு" என்றார்.

ஆட்டிக் காட்டினாள். அவர் தன் விரல்களை மடக்கி வெங்காயத்தின்மேல் வைத்தார்.