வெறுங்கால் சேனாபதி

துப்பாக்கியின் குழலைத் தனியே கழற்றி இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவாக அதற்குள் போட்டுப் பார்ப்பார் சேனாபதி. ‘ணக்’கென்று விழுந்தால் நல்ல தோட்டா. ‘தொப்’பென்று கேட்டால் அதில் ஏதோ கோளாறு. குழலைக் கவிழ்த்ததும் தானாக உள்ளங்கைக்கு வந்துவிட வேண்டும். வராமல் அடம்பிடிப்பதை, “இது சரிப்படாதுங்க” என்று அதனிடமே மரியாதையாகச் சொல்லி, காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் தள்ளிவிடுவார். தோட்டாவுக்கும் ‘ங்க’ போடுகிற ஈரோட்டுக்காரர்.

ஆளைப் பார்த்தால் ரேஷன் கடையில் சர்க்கரை நிறுத்துப் போடுகிறவர் என்று சொல்லலாம். துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறவர் என்றால் சிரிப்பார்கள். ஹூஸ்டனில் ஒரு கம்பெனியில் மெயின்ஃபிரேம் புரோகிராமர். மீட்டிங்கில் வாயைத் திறந்தால் “பார்டன்?” என்பார்கள். இன்னொரு தடவை சொன்னாலும் அதே பார்டன். மூன்றாவது தடவை “நத்திங்” என்று உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடும் ரேஞ்சில், டைமர் ‘பீப்’ அடித்ததும் அந்த ஒல்லி உடம்புக்குள் வேறு யாரோ வந்து குடியேறிவிடுவார்கள். கௌபாய் தொப்பிக்காரர்கள் பின்னால் கூடி நின்று, தோட்டா எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். “ஐ மேக்” என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு அமெரிக்காவில் யாரும் இதுவரை பார்டன் கேட்டதில்லை.

சனிக்கிழமை குண்டு வார்க்கிற நாள். ஹில்கிராஃப்ட் பக்கம் டயர் கடை வைத்திருக்கும் மெக்சிகோக்காரர், கார் சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் ஈயக் கட்டிகளில் பழசைக் கழற்றி ஒரு வாளியில் சேர்த்துவைத்துக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் அடுப்பில் அதை உருக்கி, ஒரு துண்டு மெழுகுவர்த்தியைப் போட்டுக் கிளறி, மேலே திரளும் கசடை ஜல்லிக்கரண்டியால் அள்ளி எறிவார். அந்தக் கரண்டி வடை சுடுவதற்கென்று விசா வாங்கி வந்தது. திரும்பிச் சமையலறைப் பக்கம் போகவே இல்லை. அச்சைத் திறந்தால் குண்டுகள் மடித்துப் போட்ட துண்டின்மேல் பளபளவென்று உருளும். இந்த வேலைக்கு மட்டும் கையுறை, கண்ணாடி, பூட்ஸ், முதுகுப் பக்கம் ஒரு ஃபேன். மனைவி வள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூடக் கத்துவார்.

“உள்ள போ புள்ள! ஈயப் புகை மூளைக்கு ஆகாது!”

மற்ற வேலையெல்லாம் கராஜில். சுட்டு முடித்துப் பொறுக்கி வந்த பித்தளைக் கூடுகளைத் தூள் நிரப்பிய டிரம்மில் உருட்டித் துலக்கணும், சல்லடையில் சலிக்கணும், பிரஸ் என்கிற கைமெஷினில் மாட்டி வெடிமருந்து நிரப்பிக் குண்டைச் சொருகணும். சலிக்கும்போது சாம்பல் நிறத்தில் தூசு எழும்பி அடங்கும். சுட்ட கூட்டில் ஒட்டியிருந்த கரி அது; அதிலும் ஈயம்தான். ஆனால் புகை என்றால் நடுங்குகிறவருக்குத் தூசு என்றால் வெறும் தூசு, கூட்டினால் தீர்ந்தது.

அந்தக் கராஜுக்குள் செருப்பு நுழையக் கூடாது. முதல் வருஷ ஆயுத பூஜைக்கு, வள்ளி காருக்கும் மருந்து நிறுக்கும் தராசுக்கும் பிரஸ்ஸின் கைப்பிடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, சூடம் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து வெளிவாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மணிக்கணக்கில் வெறுங்காலோடு நின்று வேலை பார்ப்பார். கூடச் சுடப்போகும் ஜெயபிரகாஷ் விட்டுவைப்பாரா?

“அண்ணா, துப்பாக்கிக்குக் கோயில் கட்டின மொத ஆள் நீங்கதான். உண்டியல் எங்க வெச்சிருக்கீங்க?”

“லொள்ளு பண்ணாத தம்பி. சாமி கும்பிட்ட எடம். கழட்டிட்டு வா.”

வேலை முடிந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பாதத்தைப் பற்றி அந்தப் புத்தகம் பேசவில்லை. எழுதினவன் பூட்ஸ் போட்டு நிற்கிற ஆள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவைத் திறந்து, ஹாலின் கார்ப்பெட் வழியாக நேரே மகள் எழிலரசியின் தொட்டில் கட்டிலுக்குப் போய் நிற்பார். கல்யாணமாகிப் பல வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பெற்ற பிள்ளை. தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் இந்த மனிதருக்கு அலுப்பே கிடையாது. விழித்திருக்கும்போது அவள் அந்தக் கார்ப்பெட்டில்தான் உருளுவாள், தவழுவாள், கையை வாயில் வைப்பாள்.

இரண்டாவது பிறந்தநாள் கழிந்தும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. டாக்டரிடம் போனபோது ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் என்று போன் வந்தது. வீட்டுப் பெயின்ட் பழசா, இந்தியாவிலிருந்து கண்மை வந்ததா, மஞ்சள்தூள் வந்ததா, பித்தளைப் பாத்திரம் உண்டா என்று நர்ஸ் வரிசையாகக் கேட்டாள். தோட்டா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. வள்ளி மையையும் குங்குமத்தையும் அம்மா கொடுத்தனுப்பிய செம்பு தட்டு எல்லாவற்றையும் குப்பைப் பையில் போட்டாள்.

“என்ற கையாலயே புள்ளைக்கு வெசத்தைத் தீட்டி உட்டுட்டனே!”

அந்தப் பையின் வாயைக் கட்டி வெளியே கொண்டுபோய் வைத்தது சேனாபதிதான். கராஜுக்குப் போய் நின்று, கையுறை போட்டேன், கை கழுவினேன் என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடிப் பார்த்தார். மையாகவே இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டார். மாமியார் கொடுத்தனுப்பிய மையின்மேல் எந்த மருமகனும் இத்தனை நம்பிக்கை வைத்திருக்க மாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கும் போனார். ஒன்றும் இலக்கில் படவில்லை. ஜெயபிரகாஷ் கேட்டதற்கு, வெயில் என்றார்.

அடுத்த வாரம் கவுண்ட்டி சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். ஈரத்தாளால் தரையை அங்கங்கே துடைத்துத் துடைத்துக் குப்பிகளில் போட்டுக்கொண்டே, வீட்டில் யாராவது ஈயத்தோடு வேலை செய்கிறீர்களா என்றார்.

“நோ மேடம். ஹி இஸ் கம்ப்யூட்டர்” என்றாள் வள்ளி.

சேனாபதி தரையைப் பார்த்தபடி சொன்னார்: “ஐ மேக் புல்லட்ஸ்.”

அந்த அம்மாளும் பார்டன் கேட்கவில்லை.

சோதனை முடிவு வந்தபோது அந்த அம்மாளே நேரில் வந்து இடங்களைக் காட்டினார். கராஜ் கதவு, ஹால், பிள்ளையின் அறை என்று ஒரே தடம். கராஜுக்கு அடுத்தபடி ஈயம் அதிகமாக இருந்தது, தொட்டில் கட்டிலை ஒட்டி ஓர் ஆள் நிற்கிற அளவு இடத்தில். இங்கே யார் நிற்பார்கள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் ஷூ உறையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். நல்ல மனுஷி.

வள்ளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“ஏனுங்க, நான் மையைத் தூக்கிப் போட்டு அழுதப்ப, பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

“ஆமா.”

“தெரியுமா?”

“தெரியாதுன்னு சொல்ல முடியாது வள்ளி.”

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசுவது சோறு போடும்போது மட்டும்தான். அதுவும் தட்டு பேசும்.

பேச்சு வரலாம், தாமதமாக வரலாம், போனது எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கார்ப்பெட்டை உரித்து எறிந்தார்கள். பிரஸ்ஸைச் சும்மா தருகிறேன் என்றாலும் ஜெயபிரகாஷ் வாங்கவில்லை. “வேணாம்ணா. எங்க வீட்லயும் தவழ்ற வயசுல ஒண்ணு இருக்கு.” கிண்டல் பண்ணாமல் ஜெயபிரகாஷ் பேசியது அன்றைக்குத்தான்.

கராஜைக் காலி செய்த சனிக்கிழமை, மிச்சமிருந்த ஈய வாளியைக் கார் டிக்கியில் ஏற்றிவிட்டுத் திரும்பினார் சேனாபதி. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வள்ளியின் பிடியிலிருந்து நழுவிய எழிலரசி, வெறும் சிமெண்டுத் தரையில் தடதடவென்று அவரைப் பார்த்து ஓடி வந்தாள். “வராத கண்ணு, வராத!” என்று பின்னால் நகர்ந்தார். காரில் முதுகு இடித்தது. அதற்குமேல் போக இடமில்லாமல், போலீஸிடம் மாட்டிக்கொண்டவரைப் போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

குழந்தை காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. பிறகு, தூக்கச் சொல்லி, அதுவும் இரண்டு கையையும் மேலே தூக்கியது.