என் நாத்தனாரின் நாற்பது

தலை முழுக்க டை தடவி, பிளாஸ்டிக் உறை மாட்டி, "அரை மணி நேரம் ஆடாம உக்காருங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் என் நாத்தனாரின் ஒரு கை கையுறையை உதறியிருக்கும், மறு கை இழுப்பறையைத் திறந்திருக்கும். சீப்புக்கும் கத்தரிக்கும் அடியிலிருந்து புத்தகம் வெளியே வரும். முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்துவிடுவாள். தலை உலர்த்தும் மெஷின் காதோரம் இரைந்தாலும் நிமிரமாட்டாள். நானே போய் எதிரில் நின்றாலும், "வாங்கண்ணி, உக்காருங்க" என்று பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்வாள்.

பார்லரில் வேலை செய்கிறவள் ஆதலால் புத்தகத்தின் நீளத்தையும் டையில்தான் சொல்வாள். "அது நாலு டை புத்தகம் அண்ணி, சட்டுனு முடிஞ்சிடும்" என்பாள். குண்டு நாவலாக இருந்தால், "இது கல்யாண சீசனுக்குத்தான் ஆகும். வரிசையா டை வரும்" என்று ஒதுக்கி வைப்பாள். ஊரில் யாருக்கு நரைத்தாலும் அவளுக்குச் சந்தோஷம்.

படித்து முடித்த அன்றே எங்கள் வாசிப்புக் குழுவுக்குக் குரல் செய்தி வந்துவிடும். எங்கள் குழுவில் ஏழு பெண்கள். மற்ற ஆறு பேரும் "அருமை", "மனதைத் தொட்டது" என்று இரண்டு வார்த்தை தட்டிவிட்டுப் போவோம். இவளோ, "ஆரம்பம் நல்ல அடர்த்தி. போகப் போக நுனி பிளந்துடுச்சு. ஒரு இன்ச் வெட்டியிருந்தா கதை எங்கியோ போயிருக்கும்" என்பாள். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி, "பக்கத்துக்கு நாலு முடிதான் இருக்கு, ஆனா நாலும் வேர்லருந்து வந்தது" என்றாள். அதைக் கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தை நாங்கள் அத்தனை பேரும் வாங்கினோம். நாத்தனாரைப் புகழ்ந்து எழுதுகிற அண்ணி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

போன வருடம் ஜனவரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியபோது, அந்த வருடம் எத்தனை புத்தகம் என்று ஆளுக்கொரு இலக்கு சொன்னோம். பன்னிரண்டு, பதினைந்து என்று போய்க்கொண்டிருந்தது. இவள் முறை வந்ததும் "நாற்பது" என்றாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. உள்ளே இருந்து என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், "யாரு, நம்ம பாதிக்கிணறா?" என்று சிரித்தார்.

அது எங்கள் வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். எதை எடுத்தாலும் பாதியில் விடுகிறவளாம். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டாள், தையல் வகுப்பைப் பாதியில் விட்டாள், கார் ஓட்டக் கற்றவள் லைசென்ஸ் வாங்கப் போகவில்லை. கேட்டால் உண்மைதான். ஆனால் அவள் நர்ஸ் படிப்பின் இரண்டாம் வருடத்தில் என் மாமனார், அதாவது அவள் அப்பா, படுக்கையில் விழுந்தபோது, அவருக்குத் துடைத்துவிட்டதும் ஊட்டிவிட்டதும் யார்? பெரியவளை வயிற்றில் சுமந்துகொண்டு தையல் மிஷினை எத்தனை நாள் மிதிப்பாள்? காரை அவள் புருஷன் விற்றுவிட்டான், அப்புறம் லைசென்ஸை வைத்து எதை ஓட்டுவது? இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பட்டப்பெயர் மட்டும் ஞாபகம் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை பாருங்கண்ணா" என்றாள்.

செப்டம்பர் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முப்பதைத் தாண்டியிருந்தாள். அப்போது வந்தது வினை. வக்கீலம்மா ஒருவர் வழக்கமாக வருகிறவர், இளம் பழுப்பு நிறம் கேட்டிருந்தார். டையைத் தடவிவிட்டு இவள் உட்கார்ந்தாள். கதையில், பதினோரு வருடம் காணாமல் போயிருந்த அப்பா திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்கிறார். போனில் அலாரம் அடித்தது. அணைத்தாள். இந்தப் பக்கத்தோடு எழுந்துவிடலாம் என்று நினைத்தாளாம். எழுந்தபோது வக்கீலம்மாவின் தலை அட்டைக் கரியாக இருந்தது. மறுநாள் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், "விக் நல்லாருக்கு மேடம்" என்றிருக்கிறார்.

முதலாளியம்மா கூப்பிட்டு, "இனிமே கடைக்குள்ள புத்தகம் நுழைஞ்சா நீ நுழைய வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நான் நியாயம் கேட்கப் புறப்பட்டேன். இவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "தப்பு என் மேல அண்ணி. அவங்க தலை, அவங்க கடை. நான் யாரைப் போய்க் கேக்கறது?"

டை நேரம் போனால் அவளுக்கு வேறு நேரம் ஏது? வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு புருஷன், மூன்று பேரின் துணி. பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி, நடந்து வந்தாள். அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் படித்தாள். அந்த மாதம் அவர்கள் வீட்டில் பால் நிறைய வழிந்தது. கடையில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, டை ஊறுகிற தலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இழுப்பறையை வேறு வேலைக்குக்கூடத் திறக்கப் பயம்.

ஒருநாள் கணக்கு முடிக்கிற நேரத்தில் முதலாளியம்மா தலையைத் தூக்காமலே கேட்டாராம்: "அந்த அப்பா வாசல்ல வந்து நின்னாரே, உள்ள விட்டாங்களா இல்லியா?" வருகிறவர்களிடம் இவள் கதை சொல்லிக்கொண்டிருந்ததை அந்த அம்மாளும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "கடைக்கு வெளிய வாங்க மேடம், சொல்றேன். உள்ளதான் புத்தகம் நுழையக் கூடாதே" என்றாளாம் இவள். இந்த வருடம் தடை நீங்கிவிட்டது, அலாரம் இப்போது முதலாளியம்மாவின் மேசையில் இருக்கிறது. ஆனால் போன டிசம்பரில் அவர் இறங்கி வரவில்லை.

டிசம்பர் பிறந்தபோது இன்னும் இரண்டு பாக்கி. குழுவில் இருக்கிற மருந்துக்கடைக்காரி நல்ல மனசோடுதான் யோசனை சொன்னாள்: "சின்னப் பசங்க படப் புத்தகம் ரெண்டு எடுத்துப் புரட்டிடேன். யாரு கேக்கப் போறா?"

"முடி வெட்ட வந்தவங்க தலையில தண்ணி தெளிச்சு அனுப்பலாமா? என்கிட்ட அந்த வேலையே கிடையாது" என்றுவிட்டாள். சரி, ஒல்லியாக எதையாவது எடுப்பாள் என்று பார்த்தால், முப்பத்தொன்பதாவதை முடித்த கையோடு தலையணை போல ஒரு நாவலோடு வந்து நிற்கிறாள்.

"உனக்கு அறிவு இருக்கா? இதை எப்படி முடிப்பே?" என்று கத்தினேன்.

"ஆசையா இருக்கு அண்ணி. வருஷம் பூரா ஓரமா வெச்சிருந்தேன். கடைசி புத்தகம் இதுவா இருக்கட்டுமே."

எங்கள் குழுவில் வருடக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைவதோடு கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு பக்கம் படித்தாலும் அடுத்த வருடத்தில்தான் சேரும். அந்த ஞாயிறு கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். கடைசியாகப் படித்ததைப் பற்றி ஒவ்வொருத்தியும் பேசி, தன் கணக்கைச் சொன்னாள். என்னுடையது பதினொன்று, இலக்கு பன்னிரண்டு. அது போகட்டும். இவள் முறை வந்தது.

"முப்பத்தொன்பது" என்றாள்.

டீத் தட்டோடு வந்த என் வீட்டுக்காரர், "அதானே பார்த்தேன்" என்றார். நான் பார்த்த பார்வையில் மனுஷன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"கூட்டம் இன்னும் கலையலையேண்ணா" என்றாள் இவள். பையிலிருந்து அந்தத் தலையணையை எடுத்தாள். "இருபது பக்கம் இருக்கு. நீங்க பேசிக்கிட்டு இருங்க."

என்ன பேசுவது? டீ ஆறியது. வாசலில் மருந்துக்கடைக்காரியின் புருஷன் ஹாரன் அடித்தார். அவள் ஜன்னலுக்குப் போய், சத்தம் போடாமல், இரு என்று கையைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒருத்தியும் இடத்தைவிட்டு எழவில்லை. எழுந்தால் கூட்டம் கலைந்ததாகிவிடுமே. என் நாத்தனார் சம்மணம் போட்டு, உதடு லேசாக அசைய, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். இருபது வருடம் அடுத்தவர் தலையில் உழைத்து, நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போன விரல். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு அப்படியொரு பெருமையாக இருந்தது. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. வேகம் கூடிக்கொண்டே போனது. கடைசித் தாள். கடைசி வரி. விரல் நின்றது.

எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவள் அண்ணன்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டக் கையை விரித்தார். அவள் தலை நிமிரவில்லை. இடது கையைத் தூக்கி எங்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டு, இரண்டு தாளைப் பின்னால் திருப்பி, அவசரத்தில் ஓடி வந்த இடத்தை மறுபடியும் நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.