கதவு சுவிட்சில் ஒட்டிய காந்தம்

அந்த சூப்பர்வைசரைக் கண்டால் எனக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்தே ஆகாது. அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும்.

நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைப் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்கு அனுப்புகிறோம். மெஷின் ஓட்டுவது என் வேலை. காலிப் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். நாலு பாட்டில் உள்ளே போனதும் ஒரு தடுப்பு குறுக்கே வந்து மற்றதை நிறுத்திவிடும். மேலேயிருந்து நாலு குழாய் இறங்கி பாட்டில் வாய்க்குள் நுழையும். பிஸ்டன் அளவாக ஆசிட்டைத் தள்ளும். குழாய்கள் ஏறியதும் நிறைந்த பாட்டில்கள் மூடி போடும் இடத்துக்கு நகரும். பாட்டில் வந்துவிட்டதா என்று பார்க்க சென்சார் உண்டு. வந்த பாட்டில் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

சாய்ந்தால் நாங்கள்தான் நிமிர்த்த வேண்டும். அதற்காகத்தான் முன்னால் கண்ணாடிக் கதவு. திறந்தால் மெஷின் நின்றுவிடும். கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சுவிட்ச். இரண்டும் நெருங்கி இருந்தால்தான் கதவு மூடியிருப்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். அடிக்கடி நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு காந்தத்தைக் கொண்டுவந்து சுவிட்சின் மேலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டான். அப்புறம் கதவைத் திறந்தாலும் மெஷின் ஓடியது.

"ஏனுங்க, இது ஆளை வாங்கிருமுங்க" என்றேன்.

"மெஷின் ஓட்டத்தான் உனக்குச் சம்பளம். எனக்குப் பாடம் நடத்த இல்ல."

காலையில் வந்ததும் அதைப் பிய்த்துப் போடுவேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி ஒட்டியிருப்பான். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நீங்களே பேசித் தீத்துக்கங்கம்மா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவன் மற்ற பெண்களிடம், "இந்தம்மா மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டுறதாலதான் உங்களுக்கு பஸ் போயிருது" என்று சொல்லி வைத்தான். அதையும் நம்பினார்கள். மூடி போடுகிற பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை.

அவளுக்குத்தான் நடந்தது. நான் பின்னால் டேங்கில் ஆசிட் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்த அவள் கதவைத் திறந்து கையை விட்டாள். மெஷின் நிற்கவில்லை. குழாய் இறங்கி, பாட்டிலின் தோளில் முட்டி, ஆசிட் அவள் முழங்கையிலும் கழுத்திலும் பீச்சியடித்தது.

அலறல் கேட்டு ஓடிப்போய் சிவப்புப் பட்டனை அடித்தேன். அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இரண்டு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். அவன் வந்தான். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கதவை எவ தொறந்தா? அறிவு வேண்டாம்?"

கத்திக்கொண்டே மெஷினிடம் போய் டேப்பின் நுனியைச் சுரண்ட ஆரம்பித்தான். எனக்குப் புரிந்துவிட்டது, முதலாளி வருவதற்குள் காந்தத்தை எடுத்துவிடப் பார்க்கிறான். குறுக்கே போய் நின்றேன்.

"கையை எடுடா."

அந்தக் கொட்டகையில் யாரும் அவனிடம் 'ங்க' போடாமல் பேசியதில்லை. கையை ஓங்கினான். நான் நகரவில்லை. லேபிள் ஒட்டும் பெண்கள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்கள். குழாயடியிலிருந்து அவள் குரல் வந்தது: "உடாதீங்கக்கா! ஒட்டுனபடியே இருக்கட்டும். மொதலாளி வந்து பாக்கட்டும்."

முதலாளி வந்து பார்த்தார். அவரே காந்தத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவன் முதலாளியம்மாவின் சொந்தக்காரன் என்பதால் வேலை போகவில்லை. லோடு ஏற்றுகிற இடத்துக்கு மாற்றினார்கள். 'டா' போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் முதலாளி. "அவ கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் புண் ஆறிவிட்டது. கழுத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது. இப்போது மெஷின் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அவளே என்னைத் திட்டுகிறாள். நானும் பதிலுக்குத் திட்டுகிறேன். அவனோடு மட்டும் பேச்சில்லை. கேட்டில் எதிரே வந்தால் அவன் ஒதுங்கிப் போகிறான்.