சிலுவையைக் கம்பாக்காத இஞ்ஞாசி அடிகளார்

படூரில் ஞாயிறு திருப்பலி முடிந்து, கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டையிட்ட இருவரை விலக்கிவிட்டுத் திரும்பியபோது, செய்யூர்ப் பக்கத்துக் கோவிலில் பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கைப்பேசியில் அழைத்தார்.

"நம்ம ஃபாதர் போயிட்டாரு சாமி. மாரடைப்பு."

அவர் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டிருந்தனர். நான் போனால் இப்படி யார் அழுவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. துயரம் அதற்குப் பிறகே வந்தது.

அருட்தந்தை இஞ்ஞாசி அவர்களும் நானும் ஒரே குருமடத்தில் படித்து ஒன்றாகவே குருப்பட்டம் பெற்றோம். மறையுரைப் போட்டிகளில் பரிசு எனக்குத்தான். ஆனால் விடுமுறைக்குப் புறப்படும்போது சமையற்காரர்கள் வாசல்வரை வந்து வழியனுப்பியது அவரை. பின்னாளில் எனக்குப் பெரிய பங்குத்தளமும் குளிரூட்டிய கோவிலும் கிடைத்தன. அவர் செய்யூருக்கு அப்பால் ஒரு சிறிய பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலும் அவரே ஜெயித்தார் என்று எனக்குப் பட்டது.

அந்தப் பங்கிலிருந்த காலனியில் ஒரே வீட்டில் அண்ணன் மாரியம்மனையும் தம்பி மாதாவையும் கும்பிடுவார்கள். யார் இறந்தாலும் சவத்தை முட்புதருக்குள்தான் தூக்கிப்போக வேண்டும். இடுகாட்டுக்குப் பாதை கேட்டு இஞ்ஞாசி அவர்கள் ஊரோடு தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்தார். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வழிவிடுவதாக அதிகாரிகள் ஒரு சமரசம் பேசினார்கள். "பொணத்துக்கு நடுவுல கோடு போடணுமா?" என்று கேட்டு மறுத்துவிட்டார். நீண்ட இழுபறிக்குப் பின் எல்லோருக்குமாகப் பாதை கிடைத்தது.

சென்ற ஆண்டு வெளியூர் ஆட்கள் சிலர் பைக்குகளில் வந்தனர். இது இந்து தேசம், பிற மத ஜெபத்துக்கு இங்கே இடமில்லை என்று எழுதிய பலகையை ஊர் முகப்பில் நடப்போவதாகச் சொன்னார்கள். கேள்விப்பட்டு நானும் போயிருந்தேன். பங்கு இளைஞர்கள் அதே இடத்தில் பெரிய சிலுவையொன்றை நடத் துடித்தார்கள். அவர் விடவில்லை.

"அவங்க சாமிய கம்பாக்குறாங்க. நாமளும் சிலுவைய கம்பாக்கிட்டா அதுல தொங்குறவரு எங்கடா போவாரு?"

மறையுரையில் பரிசு வாங்கிய எனக்கு இப்படியொரு வாக்கியம் ஒருநாளும் வாய்த்ததில்லை.

வந்தவர்கள் பலகைக்குக் குழி தோண்டியபோது, மாரியம்மன் கோவிலில் ஆண்டுதோறும் கூழ் ஊற்றும் தேசம்மா வந்து குழியோரம் உட்கார்ந்தார்.

"நானும் இந்துதாம்பா. எங்க நைனாவ தூக்க ஆளில்லாதப்ப நீங்கள்லாம் எங்க கீந்தீங்க? இந்தச் சாமிதான் தோள் குடுத்தாரு."

"உங்கள மதம் மாத்தத்தாம்மா அதெல்லாம் பண்றாரு" என்றான் ஒருவன்.

"நானே கேட்டுட்டேன், இன்னா சாமி, எங்கள கூப்புடவே மாட்டியான்னு. சிரிச்சிகினே டீ கேட்டாரு."

காலனியே தேசம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வந்தவர்கள் பலகையோடு திரும்பினார்கள். ஆனால் அடுத்த வாரமே இஞ்ஞாசி அவர்கள்மீது மதமாற்றப் புகார் பாய்ந்தது. நெஞ்சுவலியோடு செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார். ஒருமுறை உடன் போனேன்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"வழக்குக்கு பயமில்ல. சாமியார் ஏன் இதுல தலையிடணும்னு நம்ம ஆளுங்களே கேக்குறாங்க. அதான் வலிக்குது."

வழக்கு முடியவில்லை. அவர் போய்விட்டார்.

அடக்கச் சடங்கை நடத்தியது நான். மந்திரித்த தீர்த்தம் தெளித்து முடித்ததும் தேசம்மா மண்மேட்டருகே கற்பூரம் வைத்தார். உபதேசியார் தயங்கி என்னைப் பார்த்தார். கடல்காற்றில் தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நான் மண்டியிட்டு, என் வெள்ளை அங்கியை இரு கையாலும் விரித்துக் காற்றை மறைத்தேன். கற்பூரம் பற்றிக்கொண்டது. தேசம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கண்கள் உங்கள்மீதே இருந்தன, இஞ்ஞாசி.

பொறாமை இன்னும் தீரவில்லை, நண்பரே. இறைவனிடத்தில் இளைப்பாறுங்கள்.