வெள்ளிக்கிழமை கழுவாத சக்கரங்கள்

நனைந்த கோணிப்பையின் வாடையும் விளக்கெண்ணெய் வாடையும் கலந்தால் ஒரு மணம் வரும்... எனக்கு மார்கழி என்றால் அதுதான். கோலமும் பஜனையும் பிறகுதான்.

ஐம்பதுகளின் நடுவில், ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையோரம் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயது. இன்றைய ஓசூரை வைத்து அதை நினைத்துப் பார்க்காதீர்கள். மார்கழியில் காலை ஒன்பது மணி வரை மூடுபனி. அதற்குள்ளிருந்து முதலில் சத்தம் வரும், பிறகு இரண்டு மஞ்சள் விளக்குகள், அதற்கும் பிறகுதான் அப்பாவின் லாரி.

பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த லாரி. அப்பாவே முதலாளி, அப்பாவே டிரைவர். மரக்காணத்தில் உப்பு ஏற்றி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் கொண்டுபோய் இறக்கிவிட்டு வீடு திரும்புவார். பனிக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். பலகை இடுக்கு வழியே உப்புநீர் சொட்டி, பின்சக்கரங்கள் வெள்ளை பூத்து வந்து நிற்கும்.

அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிணற்றுநீர் ஊற்றிக் கழுவி, பழைய துணியால் துடைத்து, வெயிலில் உலரவிட்டு, அப்புறம் விளக்கெண்ணெய் பூச வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க அப்பா கண்டுபிடித்த வழி.

எனக்கு அது பிடித்திருந்தது. சக்கரத்துக்கு எதிரே குந்திக்கொண்டால் வேறெதுவும் நினைவில் இருக்காது. வண்டி எந்தெந்த ஊரில் உருண்டதோ அந்த மண்ணெல்லாம் என் காலடியில் கரைந்து ஓடும். நான் பார்த்திராத கடலும் அதில் கொஞ்சம் இருந்தது...

வழக்கமாக அப்பா வியாழக்கிழமை வந்துவிடுவார். அந்த வருடம் பனிமூட்டத்தில் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி வந்ததில் ஒரு நாள் தள்ளிப்போய், வெள்ளிக்கிழமை ஆனது.

குடத்தைத் தூக்கிய என்னை அம்மா தடுத்தாள்.

"ஏ புள்ள, வெள்ளிக்கெழம அதுவுமா உப்பக் கழுவி ஊத்துவாங்களா? லச்சுமி அது."

"சக்கரத்துல இருக்குற உப்பும்மா."

"எங்க இருந்தா என்ன? எண்ணெய மட்டும் பூசு. அப்பா கேட்டா கழுவிட்டேன்னு சொல்லு."

சனிக்கிழமை விடியுமுன் வண்டி மறுபடி கிளம்பிவிடும். ஆக, கழுவ வேறு நாளே இல்லை. ஆறு வெள்ளிக்கிழமைகள் உப்பின் மேலேயே எண்ணெய் பூசினேன். சக்கரம் முன்னைவிடப் பளபளத்தது.

"பாப்பா கை பட்டா சக்கரத்துல மூஞ்சி பாத்துக்கலாம்" என்பார் அப்பா. நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வேன்.

எண்ணெய்க்கு அடியில் சிக்கிக்கொண்ட உப்பு இரும்பை நிதானமாகத் தின்னும் என்பதைப் பிற்பாடு கல்லூரியில் இரசாயன வகுப்பில் இரண்டு வரியில் சொல்லி முடித்தார்கள். அப்போது எனக்குத் தெரியாது. ஐந்தாவது வாரம் துணியில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டியது. மண் என்று நினைத்தேன். மண்ணாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்பதே சரி.

ஏழாவது வெள்ளிக்கிழமை, அப்பா பின்சக்கரப் பஞ்சரோடு வந்து சேர்ந்தார். டயர் வேலை பார்க்கும் வெங்கடப்பா பம்ப்போடு வீட்டுக்கே வந்து டியூபுக்கு ஒட்டுப் போட்டார். டயரை மாட்டி, அது கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்பு ரிங்கையும் நெம்பிப் பொருத்தினார்.

"ணா, கொஞ்சம் தள்ளி நில்லு. சூளகிரில ஒருத்தன் காத்தடிக்கயில ரிங்கு தெறிச்சு நெஞ்சுலயே... ஆஸ்பத்திரி வரைக்கும்கூட போவல."

"அவன் துருப்புடிச்ச ரிங்க வெச்சிருப்பான். எம் பொண்ணு வாராவாரம் கழுவி எண்ணெ போடுது. நீ அடிப்பா."

அப்பா அந்த ரிங்கின் மேலேயே காலை ஊன்றி நின்றார். பம்ப் ஒருமுறை இறங்கி ஏறியது. நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, வேணாம்! நான் கழுவல. ஆறு வாரமா கழுவவே இல்ல."

வெங்கடப்பா கையை எடுத்துவிட்டார். ரிங்கை மறுபடி கழற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கறுப்பு எண்ணெய்க்கு அடியிலிருந்து பழுப்புச் செதில்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"தேவுடா! இது ரிங்கா, அப்பளமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "யாரு கழுவ வேணாம்னது?"

வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நாந்தான். லச்சுமி நம்ம வூட்டுலயே இருக்கட்டும்னு..."

"லச்சுமி இருந்துக்குவா. நான் போயிருப்பேனே புள்ள."

வெங்கடப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது, அம்மா அசையவில்லை.

வேறு ரிங் கிடைக்கும்வரை வண்டி இரண்டு வாரம் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, நான் எழுந்து வந்தபோது அம்மாவே குடத்தோடு சக்கரத்தருகே நின்றிருந்தாள். "மன்னிச்சுக்கோ தாயே" என்று சொல்லிவிட்டு நீரை மெதுவாக ஊற்றினாள். வெண்மையாக வழிந்த அந்த நீர் சாலை வரை போய்ப் பனிக்குள் மறைந்தது...

இப்போது எங்கள் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைகள். பனி பாதிகூட இல்லை. தம்பி மகன் ஏதோ குளிர்நாட்டில் இருக்கிறான். அங்கே உறைபனி கரைய சாலையிலேயே உப்பைத் தூவுகிறார்களாம், கார்ச் சக்கரத்துக்கு என்னென்னவோ பூச்சு விற்கிறார்களாம். எதைப் பூசினாலும் முதலில் கழுவு என்று கடிதம் எழுதினேன். "அத்தை, டப்பா மேலேயே அப்படித்தான் போட்டிருக்கு" என்று பதில் வந்தது.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, சக்கரத்துக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். இந்தச் சடங்குகளில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. என்றாலும் கழுவும் சத்தம் கேட்டால் ஜன்னலருகே போய் நின்றுவிடுகிறேன்.

அப்பா அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டினார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போனார். அந்த இருபது வருடம் எங்களுக்குக் கிடைத்ததே, அது போதும்.